அடுத்த 1000 மெகாவாட்: நிலக்கரியா, எரிவாயுவா, அணுவா, சூரியனா?

மின்தேவை ஏறிக்கொண்டே போகும் எந்த நாட்டிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வந்து நிற்கும். உச்ச நேரத் தேவை இன்னும் 1000 மெகாவாட் கூடப்போகிறது. அதை எதில் கட்டுவது? விவாதம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் ‘ஒரு யூனிட் என்ன விலை’ என்ற பட்டியலை எடுத்து வைப்பார். பெரும்பாலும் அதில் சூரிய மின்சாரம்தான் மலிவு. பெரிய சூரிய மின் நிலையங்களின் உற்பத்திச் செலவு 2010-க்கும் 2023-க்கும் இடையில் உலக சராசரியில் 90 சதவீதம் இறங்கிவிட்டது என்பது பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையான ஐரீனாவின் கணக்கு. அதில் தகராறு இல்லை. ஆனால் நண்பகலில் கிடைக்கும் யூனிட்டுக்கும் இரவு எட்டு மணிக்குக் கிடைக்கும் யூனிட்டுக்கும் அந்தப் பட்டியல் வேறுபாடு பார்ப்பதில்லை. கட்டணம் உயர்ந்த பிறகும், மின்வெட்டு வந்த பிறகும்தான் அந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியவருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஆண்டின் மோசமான வாரம். சராசரி உற்பத்தியை வைத்துத் திட்டமிட்டால், சராசரி நாளில் மட்டும்தான் விளக்கு எரியும். 2024-இல் ஜெர்மனியில் மொத்தம் 457 மணி நேரம் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. மின்சாரம் அவ்வளவு மிஞ்சிக் கிடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, காற்றும் இல்லை வெயிலும் இல்லை என்ற நிலையில், ஒரு மணி நேரத்துக்கு மெகாவாட்-மணி (1,000 யூனிட்) 936 யூரோ வரை ஏறியது. அப்படிப்பட்ட மாலையில் எத்தனை மெகாவாட்டை நம்பலாம் என்பதே ஒவ்வொரு தேர்வுக்கும் முதல் கேள்வி.

வட்டி. சூரியன், காற்று, அணு மூன்றிலும் செலவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. அதனால் தொழில்நுட்பத்தின் விலையைவிடக் கடனின் விலை முக்கியம். 100 டாலர் முதலீட்டை 25 ஆண்டில் அடைக்க, 4 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 6.4 டாலர் போதும். 12 சதவீதத்தில் 12.75 டாலர். ஒரே சூரியப் பலகை, ஒரே வெயில், யூனிட் விலை மட்டும் இரட்டிப்பு. பணக்கார நாட்டு ஏலத்தில் வந்த விலையைக் காட்டி ‘நமக்கும் இதே விலைக்குக் கிடைக்கும்’ என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வட்டி விகிதம்தான்.

எரிபொருள் கையிருப்பு. கப்பல் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? அந்த எரிபொருளுக்கு எந்த நாணயத்தில் பணம் கட்டுகிறோம்?

மின்தொகுப்பின், அதாவது எல்லா நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்கம்பி வலையின், நிலைத்தன்மை. அனல், நீர், அணு நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றால், அவற்றின் நிலைமம்தான் (சுற்றுகிற வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் தன்மை) அதிர்வெண் சட்டென்று சரியாமல் சில நொடிகள் தாங்குகிறது. சூரியப் பலகையின் இன்வெர்ட்டரில் அது இயல்பாகக் கிடையாது. 2025 பிப்ரவரி 9, ஞாயிறு நண்பகல் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறு அது. தேவை குறைவாகவும் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகமாகவும் இருந்த நேரம் என்பதால் தொகுப்பால் அந்த அடியைத் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கும் உற்பத்திப் பற்றாக்குறை காரணமில்லை. மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறி, நிலையங்கள் வரிசையாகத் துண்டித்துக்கொண்டன.

நட்டம் யார் தலையில். இது ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருக்கும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

## நிலக்கரி

1000 மெகாவாட் நிலையம் 80 சதவீதத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 9,000 டன் நடுத்தரத் தர நிலக்கரி வேண்டும். தரம் இறங்கினால் இது இன்னும் கூடும். ஆனாலும் நிலக்கரிக்கு ஒரு வசதி உண்டு: முற்றத்தில் கொட்டி வைக்கலாம். முப்பது நாள் கையிருப்பு என்பது சுமார் 2.7 லட்சம் டன். இடமும் பணமும் இருந்தால் முடிகிற காரியம். எரிவாயுவை இவ்வளவு எளிதாகச் சேர்த்துவைக்க முடியாது.

‘சொந்த நிலக்கரி இருக்கிறது, பிறகு என்ன கவலை’ என்பவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். நிலக்கரி ஏற்றுமதி செய்யும் நாடு அது. 2023-இல் அங்கே 300 நாட்களுக்கு மேல் மின்வெட்டு. பழைய நிலையங்களின் பராமரிப்பு தள்ளிப்போடப்பட்டது. புதிதாகக் கட்டிய மெடுபி, குசிலே நிலையங்களில் வடிவமைப்புக் கோளாறுகள். பழுதால் நிற்கும் நிலையத்துக்கு முற்றத்தில் நிலக்கரி குவிந்து கிடந்து என்ன பயன்?

கண்ணில் படாத இன்னொரு செலவு, சூரிய மின்சாரம் பெருகிய பிறகு வருகிறது. பகலில் இறக்கி மாலையில் ஏற்ற வேண்டிய நிலை. பல பழைய நிலையங்கள் 50 முதல் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கொதிகலனில் சுடர் நிலையில்லாமல் தடுமாறும், எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டிவரும். அணைத்து அணைத்துப் பற்றவைத்தால் கொதிகலன் குழாய்களில் வெப்ப அயர்வு ஏற்பட்டு விரிசல் விழும். பர்னர், அரவை இயந்திரம், கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றை மாற்றி 40 சதவீதம் வரை இறக்கலாம். புது நிலையம் கட்டுவதோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு.

புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முப்பது நாற்பது ஆண்டுக்குக் கைகட்டிக்கொள்வது அது. சிமெண்ட், எஃகு, அலுமினியம் ஐரோப்பாவுக்கு விற்கும் நாடுகளுக்கு, அங்கே 2026 முதல் நடைமுறைக்கு வரும் எல்லைக் கார்பன் கட்டணமும் (பொருளைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு இறக்குமதியின்போது விதிப்பது) ஒரு காரணம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தை அவசரப்பட்டு இடிக்கவும் வேண்டாம். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடும் காப்பு நிலையமாக வைத்து, தயார்நிலைக்கு மட்டும் பணம் கொடுப்பது பல நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் வழி.

## எரிவாயு

தொழில்நுட்பமாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. கூட்டுச் சுழற்சி நிலையம் (எரிவாயு டர்பைனின் கழிவு வெப்பத்தில் நீராவி டர்பைனையும் ஓட்டுவது) 55 முதல் 60 சதவீதம் வரை செயல்திறன் தரும், வேகமாக ஏறி இறங்கும், புகைபோக்கியில் நிலக்கரியைவிடப் பாதிக்கும் குறைவான கார்பன் டை ஆக்சைடு. வழியில் மீத்தேன் கசிந்தால் இந்தச் சாதகம் கரைந்துவிடும், ஏனெனில் 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கு மேல்.

சிக்கல் எரிபொருள் விலையில் இருக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பிடியு 10 டாலர் என்றால் எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 7 சென்ட். 50 டாலர் என்றால் 35 சென்ட். இது கற்பனை இல்லை. ஆசியாவின் உடனடிச் சந்தையில் திரவ எரிவாயு 2020-இன் நடுவில் 2 டாலருக்கும் கீழே விற்றது. 2022-இல் 50 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூலையில் பாகிஸ்தான் விட்ட டெண்டருக்கு ஒரு விலைப்புள்ளிகூட வரவில்லை. வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டை அறிவித்தது. கப்பல்கள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டன. ஜெர்மனி ஒரு வருடத்துக்குள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் திரவ எரிவாயுவை இறக்கும் மிதக்கும் முனையம் கட்டி 2022 டிசம்பரில் திறந்தது. முனையம் வேறு நாடுகளாலும் கட்ட முடியும். நெருக்கடி நேரத்தில் எந்த விலைக்கும் ஏலம் கேட்கும் சக்திதான் எல்லோருக்கும் இருக்காது.

ஒரு வழக்கமான திரவ எரிவாயுக் கப்பல் 1000 மெகாவாட் நிலையத்துக்கு மூன்று வாரத்துக்குச் சற்று மேல் வரும். சரக்கு -162 டிகிரியில் இருக்கிறது, நாளுக்கு நாள் கொஞ்சம் ஆவியாகிறது. நிலக்கரி மாதிரி மாதக்கணக்கில் குவித்து வைக்க வழியில்லை. கடலில் புயல், பணப்பற்றாக்குறை, துறைமுகத் தடை என எதுவாக இருந்தாலும் மூன்று வாரம்தான் கெடு.

சொந்த எரிவாயு இருந்தாலும் சங்கிலியின் எல்லாக் கண்ணியையும் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் உறைபனி வந்தபோது கிணற்று முகப்புகளும் குழாய்களும் உறைந்தன. எரிவாயுவை அமுக்கி அனுப்பும் நிலையங்களில் சிலவற்றுக்கே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாததால் எரிவாயு இல்லை, எரிவாயு இல்லாததால் மின்சாரம் இல்லை. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. மெகாவாட்-மணி விலை உச்சவரம்பான 9,000 டாலரில் நாட்கணக்கில் நின்றது.

சொந்த வயலோ, இரண்டு திசைகளிலிருந்து குழாயோ உள்ள நாட்டுக்கு எரிவாயு நல்ல தேர்வு. இறக்குமதியை நம்பும் நாட்டுக்கு, ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடும் காப்பாக இருந்தால் சரி. அங்கே அதை அடிப்படைச் சுமைக்கு, அதாவது இரவும் பகலும் நிற்காத தேவைக்கு, ஓட்டிவிட்டு ‘இடைக்காலப் பாலம்’ என்று அழைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொன்று: 2025 நிலவரப்படி பெரிய எரிவாயு டர்பைனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுச் சில ஆண்டுகள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ‘விரைவாகக் கட்டலாம்’ என்ற பழைய வாதம் இப்போது அவ்வளவு பலமாக இல்லை.

## அணு

நிலக்கரிக்கு நாளொன்றுக்கு 9,000 டன். அணு உலைக்கு ஆண்டொன்றுக்கு 25 டன் அளவு எரிபொருள். ஒருமுறை நிரப்பினால் 18 முதல் 24 மாதம் ஓடும். யுரேனியம் விலை இரட்டித்தாலும் யூனிட் விலை 10 சதவீத அளவுக்குத்தான் ஏறும். வழங்கல் பாதுகாப்பில் இதற்கு இணை இல்லை.

பணம் வேறு கதை. ஃபின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ 3-ஐ 2005-இல் கட்டத் தொடங்கினார்கள். 2009-இல் முடிந்திருக்க வேண்டியது, 2023 ஏப்ரலில்தான் முறையாக உற்பத்திக்கு வந்தது. பிரான்சின் ஃபிளமான்வில் 3-க்கு 2007-இல் போட்ட மதிப்பீடு 330 கோடி யூரோ. 1,300 கோடியைத் தாண்டி 2024 டிசம்பரில் தொகுப்பில் இணைந்தது. எட்டு ஆண்டில் சீராகச் செலவிடும் 100 டாலர் கட்டுமானம், முடிகிற நாளில் 4 சதவீத வட்டியில் 115 டாலராகவும் 12 சதவீதத்தில் 154 டாலராகவும் நிற்கும். ஒவ்வொரு ஆண்டுத் தாமதமும் இதன்மேல் ஏறும்.

எதிர் உதாரணமும் உண்டு. ஐக்கிய அரபு எமிரேட்சின் பராக்காவில் ஒரே வடிவமைப்பில் நான்கு உலைகள், ஒரே ஒப்பந்ததாரர். 2012-இல் தொடங்கி 2024-இல் நான்காவதும் ஓடுகிறது. நாட்டின் மின்தேவையில் கால்பங்கு. அங்கே பணம் அரசிடம் இருந்தது, முடிவும் நடுவில் மாறவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். தொகுப்பின் மொத்தத் திறனில் பத்தில் ஒரு பங்கைவிடப் பெரிய தனி அலகு இருக்கக்கூடாது என்பது பொது விதி. அது திடீரென நின்றால் மீதி தாங்காது. ஆகவே 5,000 மெகாவாட் தொகுப்புக்கு 1,000 மெகாவாட் உலை பொருந்தாது. மற்றொன்று, ஒரே வடிவமைப்பில் எல்லாவற்றையும் கட்டினால் குறையும் எல்லாவற்றிலும் வரும். 2022-இல் குழாய்களில் தெரிந்த அரிப்பு விரிசலும் வழக்கமான பராமரிப்பும் சேர்ந்து, பிரான்சின் 56 உலைகளில் பாதியளவு ஒரு கட்டத்தில் நின்றிருந்தன. ஐரோப்பாவின் மோசமான எரிவாயு ஆண்டும் அதுவே.

## சூரியன், காற்று, சேமிப்பு

இங்கே நிதானமாகக் கணக்கு போட வேண்டும், ஏனெனில் இதன் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இந்தக் கணக்கைத்தான் தாண்டிப்போகிறார்கள்.

20 சதவீதப் பயன்பாட்டு விகிதத்தில் (நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு) ஒரு மெகாவாட் சூரிய நிலையம் சராசரியாக நாளுக்கு 4.8 மெகாவாட்-மணி தரும். மாலையில் நான்கு மணி நேரம் 1000 மெகாவாட் வேண்டுமானால் 4,000 மெகாவாட்-மணி பேட்டரி. ஏற்றி இறக்குவதில் 10 முதல் 15 சதவீதம் போகும் என்பதால் சுமார் 4,600 மெகாவாட்-மணி ஏற்ற வேண்டும். அதற்கு ஏறக்குறைய 1000 மெகாவாட் சூரிய நிலையம். ஆக, ‘1000 சோலார், 1000 பேட்டரி’ என்ற திட்டம் வெயிலான நாளின் மாலை உச்சத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். இருபத்துநான்கு மணி நேரமும் 1000 மெகாவாட் என்றால் இழப்பைச் சேர்க்காமலே 5,000 மெகாவாட் பலகை, சுமார் 10,000 ஹெக்டேர் நிலம், பதினைந்து மணி நேர அளவுக்குப் பேட்டரி. மூன்று நாள் மேகமூட்டம் வந்தால் இதுவும் போதாது.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான நாடுகளுக்கு வேண்டியது அந்த முதல் கணக்குதான். பேட்டரி பேக்கின் சராசரி விலை 2024-இல் யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலருக்கு வந்துவிட்டது. 2010-இல் ஆயிரத்துக்கு மேல் இருந்தது. கலிஃபோர்னியாவில் 2024-இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய பேட்டரிகள் சில மாலைகளில் சற்று நேரம் வேறு எந்த ஒரு மூலத்தையும்விட அதிகம் கொடுத்தன. ஒப்பந்தத்தில் மட்டும் கவனம் தேவை. பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுதோறும் தேயும், குளிரூட்டவும் மின்சாரம் வேண்டும், பலகையின் 25 ஆண்டுக்குள் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். ‘பத்தாம் ஆண்டில் எத்தனை மெகாவாட்-மணி’ என்று எழுதி வாங்காவிட்டால் நான்கு மணி நேரம் மூன்றாகிவிடும்.

மலையும் நீரும் இருந்தால் நீரேற்று மின் திட்டம்: மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால் 0.27 யூனிட்தான். 300 மீட்டர் உயர வித்தியாசத்தில் மேற்சொன்ன 4,000 மெகாவாட்-மணிக்கு, இழப்பையும் சேர்த்து, சுமார் 55 லட்சம் கன மீட்டர் நீர் மேலே நிற்க வேண்டும். கட்ட ஆறேழு ஆண்டு, ஆனால் பல பத்தாண்டுகள் உழைக்கும், நிலைமமும் தரும். வேல்ஸின் டினோர்விக் 1984 முதல் ஓடுகிறது.

காற்றைத் தனியாகப் பிரிக்கவில்லை. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். காற்று இரவிலும் பருவத்திலும் வீசுவதால் சூரியனுக்கு ஈடுகொடுக்கும் இடங்களில் பேட்டரித் தேவை நன்றாகக் குறையும். உருகுவே நீரையும் காற்றையும் சேர்த்து, 20 ஆண்டு ஒப்பந்தங்களை ஏலத்தில் கொடுத்து, சாதாரண ஆண்டில் 90 சதவீதத்துக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு வந்தது. டென்மார்க் பாதிக்கு மேல் காற்றில் ஓடுவதற்கு நார்வே, ஸ்வீடன் அணைகளுக்குப் போகும் கடலடி மின்பாதைகளும் காரணம். அண்டை நாட்டோடு இணைப்பு இல்லாத தீவு நாடு டென்மார்க்கைக் காப்பியடிக்க முடியாது. நீரை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான்: 2024 வறட்சியில் கரிபா அணை வற்றி ஜாம்பியா நாள்தோறும் நீண்ட மின்வெட்டில் தவித்தது.

இதில் சறுக்குகிற இடம் பெரும்பாலும் மின்பாதை. சூரிய நிலையத்தை ஒன்றிரண்டு ஆண்டில் கட்டிவிடலாம். புதிய உயர் அழுத்தப் பாதைக்கு 5 முதல் 15 ஆண்டு. சிலியின் வடக்குப் பாலைவனத்தில் பலகை குவிந்தது, தேவையோ சாண்டியாகோவில். நடுவில் பாதை போதாமல் பகல் மின்சாரம் வீணடிக்கப்படுகிறது. அடுத்தது, கருவிகளில் முன்கூட்டியே பதிந்துவைக்கும் அமைப்பு அளவுகள் (செட்டிங்ஸ்). 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியா இருண்டபோது, அடுத்தடுத்த மின்னழுத்தச் சரிவுகளைத் தாங்கும் எண்ணிக்கை குறைவாக வைக்கப்பட்டிருந்த காற்றாலைகள் தாமாகவே விலகிக்கொண்டன. அளவுகளை மாற்றி, பிறகு பெரிய பேட்டரியையும் ஒத்தியங்கு கண்டன்சர்களையும் (எரிபொருள் இல்லாமல் சுழன்று நிலைமமும் மின்னழுத்த ஆதரவும் தரும் இயந்திரங்கள்) வைத்தார்கள்.

சீனாவிடமிருந்து பலகை வாங்குவதும் சார்புதானே என்ற கேள்வி நியாயமானது. உற்பத்திச் சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேதான். ஆனால் பலகை வரத்து நின்றால் புதிய நிலையம் தள்ளிப்போகும், இருப்பது ஓடிக்கொண்டிருக்கும். எரிவாயு வரத்து நின்றால் அடுத்த மாதம் மின்வெட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல.

## ஒரு பார்வையில்

| | நிலக்கரி | இறக்குமதி எரிவாயு | அணு | சூரியன் + 4 மணி பேட்டரி |
|---|---|---|---|---|
| கட்டும் காலம் | 4–6 ஆண்டு | 2–3 ஆண்டு, டர்பைன் காத்திருப்பு தனி | புதிய நாட்டுக்கு முடிவெடுத்ததிலிருந்து 10–15 ஆண்டு | 1–2 ஆண்டு, மின்பாதை தனி |
| எரிபொருள் கையிருப்பு | சில வாரம் | சுமார் 3 வாரம் | 18–24 மாதம் | தேவையில்லை |
| விலை அதிர்ச்சி | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு | வட்டியில் மட்டும் |
| மேகமூட்டமான வாரத்தின் மாலை | நம்பலாம், பழுது இல்லையெனில் | நம்பலாம், கப்பல் வந்தால் | நம்பலாம் | ஓரளவே |
| கார்பன், யூனிட்டுக்கு கிராம் (வாழ்நாள் கணக்கு) | 820 | 490 | 12 | பலகைக்கு 48, பேட்டரி தனி |
| கண்ணில் படாத செலவு | ஏற்றி இறக்கும் தேய்மானம் | அந்நியச் செலாவணி | தாமத வட்டி | மின்பாதை, நிலைத்தன்மைக் கருவிகள் |

## எந்த நிலைமைக்கு எது

மாலை உச்சம்தான் பிரச்சினை, பகலில் நல்ல வெயில், எரிபொருள் முழுக்க இறக்குமதி: சூரியன், பேட்டரி, பழைய அனல் நிலையம் காப்பாக. தயக்கம் தேவையில்லாத தேர்வு இது.

தொழிற்சாலைகளால் இரவும் பகலும் ஒரே அளவு தேவை, தொகுப்பு 15,000 மெகாவாட்டுக்கு மேல், அரசுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும்: அணுவைப் பரிசீலிக்கலாம். அதையும் ஒரே ஒரு உலையாகக் கட்டினால் முதல் உலையில் கற்ற பாடத்தின் பலன் யாருக்கும் கிடைக்காது.

வட்டி 12 சதவீதம், விநியோக இழப்பு அதிகம்: புதிய நிலையத்துக்கு முன்னால் இழப்பைக் குறையுங்கள். மீட்டர், மின்மாற்றி, கம்பி மாற்றம், பாசன மோட்டார்களைப் பகலுக்கு மாற்றுவது போன்ற வேலைகளில் உச்சத் தேவையின் ஒரு பகுதி கரைந்துவிடும். திறப்புவிழா வைக்க முடியாத வேலை என்பதால்தான் இது எப்போதும் பட்டியலின் அடியில் கிடக்கிறது.

## கையெழுத்துக்கு முன்

பாகிஸ்தான் தனியார் நிலையங்களுக்கு, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் தருவதாக, பெரும்பகுதி டாலர் மதிப்போடு பிணைத்து ஒப்புக்கொண்டது. நாணயம் சரிந்ததும் கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியதும் வசதியுள்ளவர்கள் கூரையில் பலகை போட்டார்கள். 2024-இல் மட்டும் ஏறக்குறைய 17 கிகாவாட் (17,000 மெகாவாட்) பலகை இறக்குமதி. விற்பனை குறைந்த தொகுப்பின் நிலைக்கட்டணம், பலகை வாங்க வசதியில்லாதவர்களின் கட்டணச்சீட்டில் ஏறியது. நிலையங்களின் மொத்தத் திறன் தேவைக்கு அதிகமாகவே இருந்த நாடு அது.

ஆகவே எந்த எரிபொருளானாலும் ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்: நிலைக்கட்டணம் எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுக்கு, உச்ச நேரத்தில் நிலையம் நின்றால் அபராதம் எவ்வளவு, எரிபொருள் விலை ஏற்றத்தில் எத்தனை பங்கு நுகர்வோருக்கு நேரடியாகக் கடத்தப்படும், சூரிய நிலையத்தை நிறுத்தச் சொன்னால் ஈட்டுத்தொகை உண்டா, ஆண்டுக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, மின்னழுத்தச் சரிவைத் தாங்கும் சோதனை, இணைப்புக்கு முன்பா பின்பா. சூரிய ஏலத்தில் இன்னொன்றும் உண்டு: இணைப்புத் துணை மின் நிலையம் தயாராகும் தேதிக்கு முன்னதாக உற்பத்தித் தேதியை எழுதிவிட்டால், ஓடாத நிலையத்துக்கு முதல் நாளிலிருந்தே பணம் கட்ட வேண்டிவரும்.